'ஆமாம்' என்றால் 'யெஸ்' அல்ல: இடைநிலை ஆங்கில வகுப்பில் சேரப்போகிறவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைக் கவனிப்பவராக, இருப்பவர் என் மாலை வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு சொல். வெளிநாட்டு வாடிக்கையாளர் போனில், 'ஹேவன்ட் யூ சென்ட் த சாம்பிள்ஸ்?' என்று கேட்டிருக்கிறார். நம்மவர் 'யெஸ்' என்றார். அவர் நினைத்தது, 'ஆமாம், இன்னும் அனுப்பவில்லை.' அந்தப் பக்கம் காதில் விழுந்ததோ, 'அனுப்பியாயிற்று.' நான்கு நாள் கழித்து வந்த மின்னஞ்சலை அவர் மனப்பாடமாகவே ஒப்பித்தார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு படித்தவர், தினமும் முப்பது மின்னஞ்சல் எழுதுகிறவர். படித்தால் முக்கால்வாசி புரியும், பேசினால் பாதியில் தடுக்கும், எழுதினால் சரியா தவறா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதைத்தான் இடைநிலை என்கிறோம். வயதுவந்தோர் வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் படியில்தான் நிற்கிறார்கள், பலர் பல ஆண்டுகளாக.

இந்தப் படியில் வரும் தவறுகளுக்கு அறியாமை காரணம் அல்ல என்பது என் அனுபவம். வாய் ஆங்கிலம் பேசும்போது உள்ளே தமிழ் முடிவெடுக்கிறது. மேலே சொன்ன 'யெஸ்' அப்படிப்பட்டதுதான். ஆகவே ஆங்கில இலக்கணம் முழுவதையும் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடம் எது, காலை வாரும் இடம் எது என்று பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகிவிடும்.

ஒரு சிறு குறிப்பு. ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் இப்படி எழுதாதீர்கள். ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

சேருவதற்கு முன்

'30 நாளில் ஆங்கிலம்' என்ற பலகையைப் பார்த்தால் அந்தத் தெருவைத் தாண்டிப் போய்விடுங்கள். கணக்கு எளிது. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட அளவுகோலில் மொழித்திறனுக்கு ஆறு படிகள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. நடுவில் இருக்கும் பி1, பி2 இரண்டும்தான் இடைநிலை. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் உத்தேசக் கணக்குப்படி, தொடக்கத்திலிருந்து பி1 வரை வர 350 முதல் 400 மணி நேரப் பயிற்சி தேவை. பி2 வரை என்றால் 500 முதல் 600 மணி நேரம். அதாவது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு 150, 200 மணி நேரம். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்பு என்றால் எட்டு முதல் பத்து மாதம் ஆகும். வீட்டில் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் குறையும். முப்பது நாளில் முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். உட்கார்ந்தபின் பாடத்தைக் கவனிக்க வேண்டாம், கடிகாரத்தைக் கவனியுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள்? ஆசிரியரே ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினால் அது சொற்பொழிவு. நாற்பது பேர் இருக்கும் அறையில் உங்கள் முறை வருவதற்குள் பஸ் போய்விடும். பன்னிரண்டு, பதினைந்து பேர் என்றால் நல்லது. சேர்ப்பதற்கு முன் ஒரு சிறு தேர்வு வைத்து எந்தப் படி என்று பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்தத் தேர்வில் பக்கத்து நாற்காலியைப் பார்த்து எழுதி மேல் வகுப்பில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது வாரம் அந்த நாற்காலி காலியாகிவிடும்.

சேர்ந்த அன்றே இன்னொரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் தேதி போட்டு, உங்கள் வேலையைப் பற்றி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அகராதி பார்க்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, அடித்துத் திருத்தக் கூடாது. மடித்து நோட்டின் பின்னட்டையில் வைத்துவிடுங்கள். இப்போதைக்கு யாரிடமும் காட்ட வேண்டாம்.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

பள்ளியில் ஆங்கில ஆசிரியர் 'தமிழில் யோசிக்காதே' என்று அதட்டியிருப்பார். வயதுவந்தவருக்கு அது நடக்கிற காரியமில்லை. முப்பது, நாற்பது ஆண்டு புழங்கிய மொழியை வகுப்பு வாசலில் செருப்போடு கழற்றி வைக்க முடியுமா? அதைவிட அதை அளவுகோலாகப் பயன்படுத்தலாம்.

முதலில் 'ஃபார்', 'சின்ஸ்' தகராறு. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று நம் பக்கத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனி விகுதி இருக்கிறது. 'இரண்டு வருடங்களாக' என்பதில் 'ஆக' வந்தால் 'ஃபார்'. '2019-இலிருந்து' என்பதில் 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. அவ்வளவுதான். வினைச்சொல்லில்தான் ஆங்கிலம் வேறு வழி போகிறது. நாம் 'வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் முடிப்போம். ஆங்கிலம் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று தொடங்கிய நாளையும் இன்றையும் சேர்த்துக் கட்டும். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்.' இதை உங்கள் சொந்த வருடக் கணக்கைப் போட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள்: திருமணம், வாடகை வீடு, வண்டி, சர்க்கரை நோய் எதுவாக இருந்தாலும்.

அடுத்து 'ஹேவ்' போட்டு வரும் அந்தக் காலம். புத்தகங்கள் இதற்குப் பத்துப் பக்கம் ஒதுக்கும். நம்மிடம் 'இரு' என்ற துணைவினை இருக்கிறது. 'சாப்பிட்டேன்' என்றால் 'ஐ ஏட்'. 'சாப்பிட்டிருக்கிறேன்' என்றால் 'ஐ ஹேவ் ஈட்டன்'. 'சாப்பிட்டிருந்தேன்' என்றால் 'ஐ ஹேட் ஈட்டன்'. மூன்று மாடியும் நம் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டே இடத்தில்தான் இது ஏமாற்றும். ஒன்று, தமிழில் கண்ணால் பார்க்காமல் ஊகித்ததைச் சொல்லவும் 'இருக்கிறது' வரும். வாசலில் கால்தடம் பார்த்து 'நேற்று யாரோ வந்திருக்கிறார்கள்' என்போம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேவ்' வராது. 'சம்ஒன் கேம் எஸ்டர்டே' என்று நிறுத்த வேண்டியதுதான். இன்னொன்று, 'போயிருக்கிறார்.' தஞ்சாவூருக்குப் போய்த் திரும்பி வந்தவருக்கு 'ஹி ஹேஸ் பீன் டு தஞ்சாவூர்'. போனவர் இன்னும் அங்கேயே இருந்தால் 'ஹி ஹேஸ் கான் டு தஞ்சாவூர்'. தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுச் சூழலிடம் விட்டுவிடும்.

'இங்' போடலாமா கூடாதா என்பதற்கு ஒரு சோதனை. தமிழில் 'கொண்டிருக்கிறேன்' ஒட்டுகிறதா என்று பாருங்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' சரியாக இருக்கிறது, எனவே 'ஐ ஆம் ஈட்டிங்'. 'எனக்கு இரண்டு மகள்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாராவது சொல்வார்களா? அப்படியானால் 'ஐ ஆம் ஹேவிங் டூ டாட்டர்ஸ்' என்பதும் வேண்டாம். 'ஐ ஹேவ் டூ டாட்டர்ஸ்' போதும். 'தெரியும்', 'பிடிக்கும்', 'வேண்டும்' எல்லாம் இந்தச் சோதனையில் தாமாகவே வெளியே நின்றுவிடும். எங்கள் வகுப்பில் இந்தச் சோதனை வைக்கும் நாளில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும்.

'எ', 'த' பற்றிக் கேட்காத மாணவர் இல்லை. தமிழில் இவை இல்லை என்று பலரும் சொல்வார்கள். இருக்கிறது, வேறு உடையில். 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வேறுபாடு தெரிகிறதல்லவா? முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நாம் இருவரும் முன்பே பேசிய அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' அஃறிணையோடு சேர்ந்தால் பெரும்பாலும் அங்கே 'த' போடலாம். உருபு இல்லாமல் நின்றால் 'எ'. மனிதர்களுக்கு இது செல்லாது, 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்றுதான் சொல்லியாக வேண்டும். எழுவாய் இடத்திலும் உதவாது. ஆனாலும் பாதிக் கிணறு தாண்டும் உதவி இது. மீதிக்கு 'கேட்பவருக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியுமா?' என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியும் என்றால் 'த'.

நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனதைச் சொல்லும் வாக்கியத்துக்குப் பலர் பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. 'நேற்று மழை பெய்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.' 'இஃப் இட் ஹேட் ரெய்ண்ட், ஐ வுட் நாட் ஹேவ் கம்.' தமிழில் இரண்டு 'இரு', ஆங்கிலத்தில் ஒரு 'ஹேட்', ஒரு 'ஹேவ்'. வரிக்கு வரி பொருந்துகிறது.

காலை வாரும் இடங்கள்

அந்த 'யெஸ்' கதைக்கு வருவோம். எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்குத் தமிழில் 'ஆமாம்' என்றால், 'நீங்கள் சொன்னது சரி' என்று பொருள். 'வரவில்லையா?' 'ஆமாம், வரவில்லை.' ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேட்டவர் சொன்னதைப் பார்ப்பதில்லை, நடந்ததை மட்டுமே பார்க்கின்றன. நடந்திருந்தால் 'யெஸ்', நடக்காவிட்டால் 'நோ'. கேள்வி எந்த முகத்தோடு வந்தாலும் இதுதான் விதி. பழக்கம் வரும்வரை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு. எங்கள் மெர்ச்சண்டைசர் இப்போது 'நோ, வி ஹேவன்ட். வி வில் சென்ட் தெம் ஆன் தர்ஸ்டே' என்று முழுதாகவே முடிக்கிறார். 'யெஸ்' தவறி விழுந்தாலும் பின்னால் வரும் வாக்கியம் அதைக் காப்பாற்றிவிடுமாம்.

'என்று' என்பது இன்னொரு குழி. 'அவர் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னார்.' தமிழ் அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து வைத்து 'என்று' போட்டு மூடும். இதை அப்படியே பெயர்த்து 'ஹி செட் தட் ஐ ஆம் கமிங் டுமாரோ' என்றால் வரப்போவது நீங்கள் என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் பேசுகிறவர் தன் இடத்திலிருந்து பார்த்து ஆளையும் காலத்தையும் மாற்ற வேண்டும்: 'ஹி செட் ஹி வாஸ் கமிங் த நெக்ஸ்ட் டே.' வீட்டில் அன்று யார் யார் என்ன சொன்னார்கள் என்று இரவு ஐந்து வரி எழுதுவதைவிட இதற்கு நல்ல பயிற்சி கிடையாது. மாமியார் சொன்னது, மேலாளர் சொன்னது, பஸ் நடத்துனர் சொன்னது எதுவானாலும் சரி. தீராத சரக்கு.

'வேண்டாம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. 'சனிக்கிழமை வர வேண்டாம்' என்றால் வரத் தேவையில்லை என்றும் கொள்ளலாம், வரக்கூடாது என்றும் கொள்ளலாம். முகம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால் வர வேண்டியதில்லை, வந்தால் தவறும் இல்லை. 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் வந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள். வாடிக்கையாளருக்குப் பணிவாக எழுதுவதாக நினைத்து இரண்டாவதை எழுதியவர்கள் உண்டு.

கேள்வியை வாக்கியத்துக்குள் வைக்கும்போதும் கவனம் வேண்டும். 'கோப்பு எங்கே இருக்கிறது?' என்பதும் 'கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை' என்பதும் தமிழில் ஒரே வரிசை. ஆங்கிலத்தில் கேள்வி தனியாக நின்றால்தான் 'வேர் இஸ் த ஃபைல்?' உள்ளே போனால் மறுபடி நேராகிவிடும்: 'ஐ டோன்ட் நோ வேர் த ஃபைல் இஸ்.'

அதிகப் பயிற்சி கேட்பது பெயரெச்சம். 'நேற்று கோவையிலிருந்து வந்த ஆடிட்டர்' என்கிறோம். தமிழ் மூட்டைகளை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டு ஆளைக் கடைசியில் காட்டும். ஆங்கிலம் ஆளை முதலில் நிறுத்தி, மூட்டைகளைப் பின்னால் கட்டும்: 'தி ஆடிட்டர் ஹூ கேம் ஃப்ரம் கோயம்புத்தூர் எஸ்டர்டே.' தினமும் ஒரு தமிழ் நாளிதழ் எடுத்து, அதில் இப்படிப்பட்ட தொடர் மூன்றைக் கோடிட்டு, பின்னாலிருந்து முன்னால் திருப்பி எழுதுங்கள். முதல் வாரம் தலை சுற்றும். மூன்றாவது வாரத்தில் நீண்ட ஆங்கில வாக்கியம் படிக்கும்போது எங்கே மூச்சு விட வேண்டும் என்பதே தெரிந்துவிடும்.

முன்னிடைச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஒப்பித்த தலைமுறைக்கு இது ஏழாம் வேற்றுமையின் பழிவாங்கல். நாம் 'இல்' என்று ஒன்றைச் சொல்லும் இடத்தில் அவர்களுக்கு 'இன்', 'ஆன்', 'அட்' மூன்று. நேரத்துக்கு, சின்னதிலிருந்து பெரியது: மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. வண்டிகளுக்கு, உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்': பஸ், ரயில், விமானம். முடியாவிட்டால் 'இன்': கார், ஆட்டோ. வேண்டாத இடத்தில் போடுவதும் தமிழின் வேலைதான். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபௌட் இட்' என்று வருகிறது. 'டிஸ்கஸ்ட் இட்' போதும். 'அவரிடம் கேட்டேன்' என்பதால் 'ஆஸ்க்ட் டு ஹிம்' வருகிறது. 'ஆஸ்க்ட் ஹிம்' போதும்.

'ஒன்லி' பற்றி ஒரு வார்த்தை. 'எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்பதில் இருப்பது நம் 'தான்'. 'நேற்றுதான் வந்தேன்.' ஆங்கிலத்தில் இந்த அழுத்தத்தைப் பெரும்பாலும் குரல் சுமக்கும். சொல்ல வேண்டிய சொல்லைச் சற்று ஓங்கிச் சொன்னால் போதும். இதைத் தவறு என்று நான் கோடு போடுவதில்லை. நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிறது. வெளியூர்க்காரரிடம் பேசும்போது மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சொற்கள்: குயில் கூவும், மயில் அகவும்

சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதுதான் பெரும்பாலோர் செய்யும் வீண் வேலை. இடதுபக்கம் ஆங்கிலம், வலதுபக்கம் தமிழ், நடுவில் கோடு. தேர்வுக்கு உதவும், வாய்க்கு உதவாது.

பள்ளியில் மரபுச்சொல் படித்திருக்கிறோம். குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும். ஆட்டுக்குக் குட்டி, மாட்டுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு. இதற்கென்று தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே இருக்கிறது. 'கோழிக்கன்று' என்று யாராவது சொன்னால் பொருள் புரியும், ஆனால் சிரிப்போம். மழை பெய்யும், காற்று வீசும், வெயில் அடிக்கும். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது இலக்கண விதியில் வராது, காதுப் பழக்கம். ஆங்கிலத்திலும் அப்படியே. முடிவுக்கு 'மேக்', வீட்டுப்பாடத்துக்கு 'டூ', புகைப்படத்துக்கு 'டேக்', மழைக்கு 'ஹெவி', டீக்கு 'ஸ்ட்ராங்'. ஆகவே 'டிசிஷன்' என்று தனியாக எழுதாதீர்கள். 'மேக் எ டிசிஷன்' என்று ஜோடியாக எழுதுங்கள். ஒற்றைச் சொல்லுக்கு நோட்டில் இடமே கொடுக்கக் கூடாது என்பது என் வகுப்பின் சட்டம்.

இரட்டைச் சொல் வினைகள் புதியவர்களைக் கலங்கடிக்கும். 'லுக்' தெரியும், 'ஆஃப்டர்' தெரியும், 'லுக் ஆஃப்டர்' மட்டும் ஏன் வேறு? 'பார்' என்றால் பார்ப்பது, 'பார்த்துக்கொள்' என்றால் பராமரிப்பது. அதே வித்தைதான். 'தள்ளு' வேறு, 'தள்ளிப்போடு' வேறு; பின்னது 'புட் ஆஃப்'. 'விடு' வேறு, 'விட்டுக்கொடு' வேறு. தமிழ் துணைவினையை ஒட்டிச் செய்வதை ஆங்கிலம் குட்டிச் சொல்லைப் பக்கத்தில் வைத்துச் செய்கிறது. வாரத்துக்கு ஐந்து போதும், அதற்கு மேல் வேண்டாம்.

எந்தச் சொற்கள் முதலில்? டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் ('ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்') சுமார் 2,000 சொற்கள் உண்டு. அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதியை அவையே தாங்குகின்றன. முதலில் அந்தப் பட்டியலை இணையத்தில் எடுத்து, தெரியாதவற்றை மட்டும் வட்டமிடுங்கள். உங்களுக்கு இருநூறு, முந்நூறு விழும். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த 570 சொற்குடும்பங்களைப் பின்னால் பார்க்கலாம். நாளிதழ்த் தலையங்கத்தில் இருக்கும் முரட்டுச் சொல்லை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் பொருள் கேட்பவர்களுக்கு 'பாரோ', 'லெண்ட்' வேறுபாடு தெரிந்திருக்காது. இரண்டுமே தமிழில் 'கடன்'. வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்'.

ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிற சொற்களிலும் ஒரு கண் வையுங்கள். நாம் 'ஹோட்டலில்' சாப்பிடுகிறோம், அவர்கள் ஹோட்டலில் தங்குகிறார்கள். நமக்குச் 'சந்தேகம்' என்றால் 'டவுட்'. வெளிநாட்டு மேலாளரிடம் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் அவரை நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லுங்கள். கடன் ஒருவழியாகவே போகவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதியில் உருமாறி உட்கார்ந்திருக்கின்றன.

சொற்களை நினைவில் வைக்க, செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய பெட்டி முறையைச் சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். நல்ல தடிமன், பின்பக்கம் வெள்ளை. ஒரு பக்கம் ஜோடிச் சொல்லில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு உங்கள் சொந்த வாக்கியம், மறுபக்கம் விடை. 'வி ஹேவ் டு ___ எ டிசிஷன் பை மண்டே.' மூன்று இனிப்புப் பெட்டி. முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் மீண்டும் முதல் பெட்டிக்கு. பஸ்ஸில் போகும்போது இருபது அட்டை பார்த்துவிடலாம். போனில் இதற்குச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் போனை எடுத்தால் வேறு எங்கோ போய்விடுகிறோம் என்பதால் எனக்கு அட்டையே பிடித்திருக்கிறது.

அகராதி ஆங்கிலம்–ஆங்கிலம் ஒன்று வேண்டும், அதுவும் கற்பவர்களுக்கென்று தயாரித்தது. 1978-இல் வெளிவந்த லாங்மேன் கற்போர் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதியது. அந்த வகை அகராதியில் பொருளைவிட அதன்கீழ் இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள். ஜோடி அங்கேதான் இருக்கும்.

வகுப்புக்குள்ளும் வெளியிலும்

தவறு நோட்டு ஒன்று தனியாக வையுங்கள். ஆசிரியர் திருத்தும் ஒவ்வொன்றையும் மூன்று வரியாக எழுதுங்கள்: நான் சொன்னது, சரியானது, எந்தத் தமிழ் வாக்கியம் என்னை அப்படிச் சொல்ல வைத்தது. மூன்றாவது வரிதான் முக்கியம். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் நூறு தவறு இருப்பதுபோல் தோன்றும், எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு வகைதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

பேசும்போதே திருத்தினால் வாய் அடைத்துப்போகிறது என்பவர்கள், முடிக்கும்வரை காத்திருந்து பிறகு திருத்தும்படி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். நாற்பத்தைந்து வயதில், அலுவலகத்தில் தன் கீழ் வேலை செய்யும் பையன் பக்கத்துப் பெஞ்சில் இருக்கும்போது தவறாகப் பேசுவது சுலபமில்லை. அப்படி ஒரு கண்காணிப்பாளர் முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. அந்தப் பையனையே அவருக்கு ஜோடியாகப் போட்டேன். மூன்றாவது நாள் பையனுடைய 'சின்ஸ்' தவறை அவர் பிடித்தார். பிறகு நிறுத்த முடியவில்லை.

வீட்டில் படிக்க, ஏற்கெனவே தெரிந்த செய்தியை எடுங்கள். நேற்றைய கிரிக்கெட் ஆட்டத்தைத் தமிழ் நாளிதழில் படித்துவிட்டு அதையே ஆங்கில நாளிதழில் படித்தால், யார் வென்றார்கள் என்று தேட வேண்டாம், எப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் பார்க்கலாம். நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம், வேறு எடுங்கள்.

வகுப்பு தவறினால், அதுவும் ஷிப்மென்ட் வாரத்தில் எங்கள் ஊரில் தவறாமல் தவறும், விட்ட பாடத்தை எல்லாம் துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். தோழரிடம் அன்றைய தலைப்பை மட்டும் கேட்டு, அதில் உங்கள் வேலையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வாரம் விட்டால் கூசாமல் திரும்பி வாருங்கள். பெரும்பாலோர் நின்றுபோவது இலக்கணம் கடினம் என்பதால் அல்ல, இடைவெளிக்குப் பிறகு வாசல் ஏறக் கூசுவதால்.

ஆறு மாதம் ஆனதும் பின்னட்டையிலிருந்து அந்த முதல் நாள் தாளை எடுங்கள். உடனே படிக்க வேண்டாம். முதலில் அதே தலைப்பில், அதே நிபந்தனையோடு புதிதாக ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு பழைய தாளில் சிவப்புப் பேனாவால் நீங்களே திருத்துங்கள். அடுத்துப் புதிய தாளை ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். எங்கள் மெர்ச்சண்டைசரின் பழைய தாளில் பதினேழு இடத்தில் அவரே கோடு போட்டார். புதிய தாளில் நான் போட்டது ஆறு. அதில் ஒன்று தவறே இல்லை என்று என்னிடம் வாதாடினார். அகராதியைத் திறந்து பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி.